சண்டை சப்பென்று இருக்கிறதா, பேய்க்குச் சிரிக்கிறார்களா? ரஃப் கட்டில் கோளாறு பார்க்கும் வழி

ஆக்‌ஷன் படமோ பேய்ப் படமோ, ரஃப் கட் (எடிட்டர் கோத்த முதல் முழு வடிவம்) பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்லும் புகார்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். "ஃபைட் ஒட்டலை", "யார் யாரை அடிக்கிறாங்கன்னே தெரியலை", "பேய் வந்ததும் சிரிப்பு வந்திருச்சு", "ஒரே இருட்டு". கேட்டதும் இயக்குநர் பேட்ச் ஷூட்டுக்கு (குறையும் ஷாட்டுகளை மட்டும் மறுபடி எடுப்பதற்கு) நாள் பார்க்க ஆரம்பிப்பார், தயாரிப்பாளர் முகம் சுருங்கும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், பணம் தின்னும் காரணம் கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள். இன்னொன்று: பார்ப்பவர் கை காட்டும் ஷாட்டில் கோளாறு இருப்பது குறைவு. அதற்கு முந்தைய ஷாட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் முதல் மூன்று சோதனைகள்

1. சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு அந்த சீனைப் பாருங்கள். ஊமையாகவே புரிந்தால் படத்தில் பழுதில்லை, சவுண்டில் வேலை இருக்கிறது.

2. படத்தை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கண்ணை மூடினாலும் எப்போது அடி விழுகிறது, எப்போது ஏதோ வரப்போகிறது என்று தெரிய வேண்டும்.

3. டெம்ப் மியூசிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். வேறு படத்திலிருந்து எடுத்துப் போட்ட இசை நொண்டும் சீனைத் தூக்கி நிறுத்தியிருக்கும். ஆர்ஆர் (படத்துக்கான பின்னணி இசை) வந்ததும் சீன் விழுந்துவிட்டது என்று இசையமைப்பாளர் மேல் பழி போடுவது இதனால்தான்.

பிறகு கதை தெரியாத எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். யூனிட் ஆட்கள் வேண்டாம். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் ஃபோன் வெளிச்சம் எரிகிறது, எங்கே நாற்காலியில் நெளிகிறார்கள் என்று டைம்கோடோடு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். "அந்த குடோனில் என்ன நடந்தது" என்று கேளுங்கள். அவர்கள் கதை சொல்லத் திணறும் இடம்தான் உடைந்த இடம்.

அறிகுறி: அடி விழுகிறது, வலிக்கவில்லை

முதலில் சவுண்ட். எல்லாக் குத்துக்கும் ஒரே லைப்ரரி சத்தம் போட்டிருந்தால் மூன்றாவது குத்திலேயே காது பழகிவிடும். குத்துச் சத்தத்தை மூன்று அடுக்காகக் கட்டுங்கள்: மேலே தோலோ துணியோ 'பளார்' என்பது, நடுவில் சதையில் விழும் 'பொத்', அடியில் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் ஒரு 'தும்'. மூன்றின் அளவையும் அடிக்கு அடி மாற்றுங்கள். கன்னத்தில் அறைவதற்கு அடியடுக்கு தேவையில்லை, வயிற்றில் குத்துவதற்கு மேலடுக்கு தேவையில்லை. கை வீசும் காற்றுச் சத்தம் மூன்று நான்கு ஃபிரேம் முன்னால் தொடங்கட்டும்.

அடுத்து மூச்சு. நடிகர் டப்பிங்கில் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போயிருப்பார். அடி வாங்குபவரின் முனகல், திணறல், எழுந்திருக்கும்போது வரும் இருமல் எதுவும் ட்ராக்கில் இருக்காது. இதைத் தனியாக எடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் இது இல்லாத சண்டை, பொம்மைச் சண்டை.

சத்தம், முஷ்டி தொடும் ஃபிரேமில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 42 மில்லிசெகண்ட். அதற்குள் ஒலி சுமார் 14 மீட்டர் போகும். ஆக, பெரிய தியேட்டரின் கடைசி வரிசைக்குச் சத்தம் எப்படியும் ஓரிரு ஃபிரேம் தாமதமாகத்தான் சேர்கிறது, யாரும் புகார் சொல்வதில்லை. முன்னால் வந்துவிட்டால்தான் பொய் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள்.

சவுண்ட் சரியாக இருந்தும் வலிக்கவில்லை என்றால் ஷாட்டை வெட்டிய இடத்தைப் பாருங்கள். முஷ்டி தொடும் அதே ஃபிரேமில் வெட்டியிருந்தால் அடி காணாமல் போகும். ஷாட் மாறும்போது கண் புதுப் படத்துக்குப் பழக ஒரு நொடித்துளி எடுத்துக்கொள்கிறது, அடி அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது. தொட்ட பிறகு இரண்டு மூன்று ஃபிரேம் அதே ஷாட்டில் இருந்துவிட்டு வெட்டுங்கள். அடுத்த ஷாட்டை, தொடுவதற்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்னாலிருந்து தொடங்குங்கள். கணக்குப்படி அசைவு இரட்டிப்பாகும், கண்ணுக்குத் தெரியாது. ஹாங்காங் சண்டைப் படங்களின் எடிட்டர்கள் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள்.

அதோடு, அடிப்பவர் முகத்தில் தங்குகிறீர்களா, வாங்குபவர் முகத்தில் தங்குகிறீர்களா? ஹீரோவின் க்ளோஸை விட மனசு வராமல் வைத்திருப்பீர்கள். வலி வாங்குபவரிடம்தான் இருக்கிறது.

தொடும் ஃபிரேமை நிறுத்திப் பாருங்கள். முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? பக்கவாட்டில் கேமரா வைத்ததன் பலன் அது. தோள் வழியாக எடுத்த ஷாட் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் இடைவெளி தெரியும் அந்த இரண்டு ஃபிரேமையே வெட்டி எறியுங்கள். தலை சட்டென்று திரும்புவதே அடியாகத் தெரியும்.

வேகம் போதவில்லை என்றால் 105 முதல் 110 சதவீதம் வரை கூட்டலாம். கேமராவை 22 ஃபிரேமில் ஓட்டி எடுத்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட 109 சதவீதம்தான். 115ஐத் தாண்டினால் தலைமுடியும் வேட்டி முனையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷட்டர் கோணம் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி பதியும் நேரம்) மட்டும் எடிட்டில் சரிசெய்ய முடியாதது. 180 டிகிரியில் எடுத்த வேகச் சண்டை குழைவாக இருக்கும், 90இல் வெட்டுவெட்டென்று இருக்கும். பேட்ச் எடுக்கும்போது இதைக் குறித்துக் கொடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட் எரியும் இடத்தில் 24 ஃபிரேமுக்கு 172.8 அல்லது 86.4 டிகிரி வைத்தால்தான் படம் துடிக்காது.

யூஏ சான்றிதழுக்காக ரத்தம் குறைக்கப்பட்டு அடி நீர்த்துப் போயிருந்தால், குறைந்ததைச் சத்தத்தாலும் வாங்குபவர் முகத்தாலும் ஈடுகட்டுங்கள். ஏ சான்றிதழோடு படம் டிவியில் ஓடாது என்பதால் இந்த வெட்டு எப்படியும் ஒருநாள் வரும். யூஏ வடிவத்தை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

யாரைக் கூப்பிட வேண்டும்: மேலே சொன்ன எல்லாம் செய்தும் ஊமையாக ஓடும் வைட் ஷாட் நடனம் மாதிரியே இருந்தால், கோளாறு சண்டை அமைப்பில் இருக்கிறது. ஸ்டன்ட் மாஸ்டரை எடிட் மேசைக்கு வரவழைத்துக் காட்டுங்கள். முழு ஃபைட்டும் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. கால் வாருவது, முஷ்டி, தரையில் விழுவது என்று நான்கைந்து இன்செர்ட் (இடையில் செருகும் சின்ன ஷாட்) போதும் என்று பெரும்பாலும் அவரே சொல்வார். "ஒரு தள்ளுதானே" என்று உதவி இயக்குநர்களை வைத்து எடுக்க வேண்டாம்.

அறிகுறி: யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியவில்லை

மலிவான மருந்து, இருக்கிற வைட் ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. நான்கைந்து ஷாட்டுக்கு ஒருமுறை இடம் தெரியட்டும். ஒரே வைட்தான் இருக்கிறது என்றால் அதையே மூன்றாக வெட்டிப் பரப்புங்கள்.

இடது பக்கம் ஓடியவர் அடுத்த ஷாட்டில் வலது பக்கம் ஓடுகிறாரா? இருவருக்கும் நடுவே இருப்பதாக வைத்துக்கொள்ளும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியிருக்கிறது. நடுவே நேர் எதிரிலிருந்து எடுத்த ஷாட் ஒன்றைச் செருகுங்கள், அல்லது தவறிய ஷாட்டை இடவலமாகத் திருப்புங்கள். திருப்பினால் சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போகும், கடிகாரம் கை மாறும், தலை வகிடு மாறும், பின்னால் இருக்கும் மளிகைக் கடைப் பலகை கண்ணாடி எழுத்தாகிவிடும். ஒரு நொடிக்குள் முடியும் ஷாட் என்றால் பாக்கெட்டையும் வகிட்டையும் யாரும் கவனிப்பதில்லை. பலகையை மட்டும் கட்டாயம் கவனிப்பார்கள்.

அப்போதும் தலை சுற்றினால் கண் போகும் பாதையைச் சோதியுங்கள். ஷாட்டின் கடைசி ஃபிரேமில் கண் எங்கே இருக்கிறதோ அங்கே மானிட்டரில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடுத்த ஷாட்டில் பார்க்க வேண்டிய பொருள் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா? 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தில் முக்கியமானதை எல்லாம் ஃபிரேமின் நடுவிலேயே வைத்துப் படமாக்கினார்கள். அதனால்தான் மார்கரெட் சிக்சலால் அவ்வளவு வேகமாக வெட்டியும் குழப்பாமல் இருக்க முடிந்தது, ஆஸ்கரும் வாங்கினார். உங்களிடம் 4கே ரஷ் (எடுத்த மூலப் பதிவு) இருந்து 2கேயில் வெளியிடுகிறீர்கள் என்றால் ஃபிரேமை இழுத்து நடுவுக்குக் கொண்டுவரத் தாராளமாக இடம் உண்டு.

இரண்டு பேருமே கறுப்புச் சட்டையில் இரவில் உருளுகிறார்கள் என்றால் எடிட்டால் ஆகாது. டிஐயில் (நிறம் திருத்தும் கட்டத்தில்) ஒருவர் மேல் மட்டும் லேசாக நிறம் ஏற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: ரோப் ஷாட்டில் ஆள் மிதக்கிறார்

பாய்ந்த மனிதன் மேலே போகப்போக வேகம் குறைந்து, கீழே வரவர வேகம் கூட வேண்டும். ஆளைக் கட்டித் தூக்கும் ரோப் ஒரே வேகத்தில் இழுப்பதால் கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. எளிய வழி, காற்றில் இருக்கும் நடுப்பகுதியை வெட்டுவது. கிளம்பும் ஆறெட்டு ஃபிரேம், பார்ப்பவர் ஒருவரின் முகம், பிறகு நேராகத் தரையிறங்கல். தரையில் தூசியும் கனமான சத்தமும் இருக்கட்டும்.

வெட்ட முடியாத ஷாட் என்றால் வேகத்தை ஏற்றி இறக்குங்கள். சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) முடிந்து ஷாட் திரும்பி வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: தரையில் ரோப்பின் நிழல் (ரோப்பை அழிப்பார்கள், நிழலை மறப்பார்கள்), சட்டைக்குள் இடுப்பில் ஹார்னஸ் (ரோப் மாட்டும் பட்டை) புடைப்பு, மேல்நோக்கி இழுபடும் துணி மடிப்பு.

24 ஃபிரேமில் எடுத்ததை எடிட்டில் பாதி வேகமாக்கினால் திக்கும். சாஃப்ட்வேரை விட்டு நடு ஃபிரேம் உருவாக்கினால் கையும் கையும் குறுக்கே போகும் இடத்தில் உருகி ஓடும். ஸ்லோமோஷன் வேண்டிய ஷாட் ஹைஸ்பீடில் எடுக்கப்படவில்லை என்றால் அதைச் சாதாரண வேகத்திலேயே விட்டுவிடுவது மேல்.

அறிகுறி: ஃபைட் நன்றாக இருக்கிறது, நடுவில் ஃபோனை எடுக்கிறார்கள்

நீளம்தான். ஃபைட்டைத் துண்டு துண்டாகக் காகிதத்தில் எழுதுங்கள்: கத்தி கை மாறுகிறது, ஹீரோவுக்குத் தோளில் வெட்டு, கதவு பூட்டப்படுகிறது. எந்தத் துண்டின் முடிவில் நிலைமை மாறவில்லையோ அதைத் தூக்குங்கள். ஐந்து அடியாட்கள் வரிசையாக வந்து ஒரே மாதிரி பறந்தால் இரண்டு பேர் போதும். எத்தனை லட்சம் செலவான ஷாட் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

அறிகுறி: ஜம்ப் ஸ்கேருக்கு (சட்டென்று பயமுறுத்தும் இடத்துக்கு) யாரும் துள்ளவில்லை

இங்கேதான் எல்லோரும் பேயின் ஷாட்டைப் போட்டு நோண்டுவார்கள். அதைத் தொடாதீர்கள். முந்தைய முப்பது நொடியைத் திறங்கள்.

இசை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறதா? வயலின் ஏற ஏற எல்லோரும் தயாராகிவிடுகிறார்கள், சிலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த முப்பது நொடிக்கு இசையை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அதற்காக வெறும் நிசப்தம் வைக்காதீர்கள். தியேட்டரில் சத்தம் முழுக்க நின்றால் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தலை திரும்பும். ஃபேன், சுவர்க்கோழி, தூரத்து லாரி என்று இடத்தின் சத்தம் இருக்கட்டும். அதையே கேட்பவருக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல ஆறு டெசிபல் அளவுக்கு இறக்குங்கள்.

சத்தம் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனாலும் துள்ளவில்லை என்றால் எல்லாமே பெரிதாக இருக்கிறது என்று பொருள். துள்ள வைப்பது அளவு அல்ல, வித்தியாசம். கதவுச் சத்தமும் மழையும் ஏற்கனவே உச்சத்தில் இருந்தால் பேய்க்கு மேலே போக இடம் இல்லை. பேயைக் கூட்டாமல் முன்னால் இருப்பதைக் குறையுங்கள்.

எதிர்பார்க்கும் நொடியில் வருகிறதா? கண்ணாடி அலமாரியை மூடினால் பின்னால் உருவம் நிற்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூடட்டும், யாரும் இல்லை, மூச்சு விடட்டும். அதற்குப் பின் ஒன்றரை இரண்டு நொடி கழித்து வேறு பக்கத்திலிருந்து வரட்டும். பெரும்பாலும் ஷாட்டை இடம் மாற்றினாலே போதும், புதிதாக எடுக்க வேண்டாம்.

வருவது பேயாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் தெருவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் காலடி, பிறகு காலடி நின்றுவிடுகிறது. சட்டென்று பிரேக் காற்று சீறலோடு ஒரு பஸ் ஃபிரேமுக்குள் புகுகிறது. அவ்வளவுதான். இன்றுவரை இந்த உத்திக்கு 'லியூட்டன் பஸ்' என்றே பெயர், தயாரிப்பாளர் வால் லியூட்டன் பெயரால். ஆனால் பூனை, காற்றில் அடிக்கும் ஜன்னல், தோளைத் தொடும் நண்பன் என்று பொய்ப் பயம் மூன்றாகிவிட்டால் நான்காவதாக நிஜப் பேய் வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். படம் முழுக்க ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அறிகுறி: பேயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்

நேரம்தான் முதல் காரணம். இரண்டு நொடி காட்டியிருப்பதை 14 ஃபிரேமாக்கிப் பாருங்கள். அப்போதும் சிரித்தால் 8. மேக்கப்புக்கு ஆறு மணி நேரம் ஆனதால் க்ளோஸில் தங்குவார்கள். தங்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பார்ப்பவர் விக்கையும் கண் லென்ஸையும் எண்ணுகிறார்.

அடுத்தது, முழு உருவம். தலை முதல் கால் வரை தெரியும் ஷாட்டுகளைத் தூக்கிவிட்டு, விரல், முதுகு, கதவிடுக்கில் ஒரு கண் என்று துண்டுகளை வையுங்கள். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது கடல்நீரில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் சுறாவை மறைத்தே பாதிப் படத்தை ஓட்ட வேண்டியிருந்தது. படத்துக்கு அதுதான் நல்லதாகப் போயிற்று.

நடை மனித நடையாக இருக்கிறதா? மூன்றுக்கு ஒரு ஃபிரேமை எடுத்துவிட்டு, மிஞ்சியதை இரட்டித்துப் பாருங்கள். அல்லது ஷாட்டைப் பின்னோக்கி ஓட்டுங்கள். பின்னோக்கி ஓட்டும்போது புகை, தண்ணீர், பின்னணியில் நடப்பவர்கள் இருக்கக் கூடாது.

பிறகு டிஐ: முகத்தின் மேல்பாதியை நிழலுக்குள் தள்ளச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பிறகும் சிரிப்பு நிற்கவில்லை என்றால்தான் சிஜி. அப்போதும் கேட்க வேண்டியது "இன்னும் நிஜமாக" அல்ல, "இன்னும் குறைவாக". முழுக்க சிஜியால் செய்த பேய்க்குச் செலவழிப்பதைவிட, அது வந்ததும் நடுங்கும் நடிகரின் முகத்தை அரை நாள் பேட்ச் எடுப்பது மலிவு, பலனும் அதிகம்.

முந்தைய சீன் காமெடி டிராக்கில் முடிந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. சிரித்துக்கொண்டிருக்கிற கூட்டம் சிரிக்கத்தான் செய்யும். நடுவில் வேறு சீன் ஒன்றை மாற்றி வையுங்கள்.

அறிகுறி: இருட்டில் ஒன்றும் தெரியவில்லை

பயமுறுத்தும் இருட்டில் ஏதாவது ஒன்று தெரியும். அகல் விளக்கோ, ஜன்னல் விளிம்போ, கண்ணில் ஒரு புள்ளியோ ஃபிரேமில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு புள்ளி இருந்தால் மற்ற இடம் இருட்டாகத் தோன்றும், இல்லையென்றால் மங்கலாகத் தோன்றும்.

டிஐ அறையில் நன்றாகத் தெரிந்தது, வெளியே தெரியவில்லை என்றால் பழி திரைக்கு. தியேட்டர் திரைக்கான தரவெளிச்சம் 14 ஃபுட் லாம்பர்ட், அதாவது 48 நிட்ஸ். விளக்கு பழசானால் அதுவும் இராது. கலரிஸ்டிடம் கேட்க வேண்டியவை: தியேட்டருக்கு 2.6 காமா (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்களின் அளவு), டிவிக்கு 2.4 காமா என்று தனித்தனியாகப் பாஸ் செய்தாரா? கடைசி ரீலையாவது சாதாரணத் தியேட்டர் ஒன்றில் போட்டுப் பார்த்தாரா? நீங்களே செய்யக்கூடிய சோதனை, லைட் எரியும் ஹாலில் விலை குறைந்த டிவியில் அந்த சீனைப் போடுவது.

பகலில் எடுத்து இரவாக்கிய ஷாட் என்றால் வானம் தெரிகிறதா, நிழல் கறுப்பாகத் தரையில் விழுகிறதா என்று பாருங்கள். வானத்தை ஃபிரேமிலிருந்து வெட்டினாலே பாதி சரியாகும். எடுக்கும்போதே வெளிச்சம் பதியவில்லை என்றால் கலரிஸ்ட் தூக்கத் தூக்கப் பொரிபொரியாக வரும். அது மறுபடி எடுக்க வேண்டிய ஷாட்.

அறிகுறி: தியேட்டரில் மிரட்டியது, ஓடிடியில் சப்பென்று இருக்கிறது

தியேட்டர் மிக்ஸையே அப்படியே இறக்கிக் கொடுத்திருப்பார்கள். தியேட்டர் மிக்ஸ் 85 டெசிபல் அளவுகோலில் செய்யப்படுவது. வீட்டில் அந்தச் சத்தத்தில் யாரும் கேட்பதில்லை, ஆகவே கிசுகிசுப்பு தொலைந்து வெடி மட்டும் மிஞ்சும். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது வசனத்தை வைத்து அளந்த மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (சராசரிச் சத்த அளவு), உச்சம் மைனஸ் 2 டெசிபல். தனியாக நியர்ஃபீல்ட் மிக்ஸ் (வீட்டில் கேட்கும் அளவுக்கான மிக்ஸ்) செய்ய ஆடியோகிராஃபரைக் கூப்பிடுங்கள். இதை எடிட்டர் லேப்டாப்பில் கம்ப்ரஸர் போட்டு ஒப்பேற்ற முடியாது.

அறிகுறி: குறை சொல்லத் தெரியவில்லை, "எதிர்பார்த்த மாதிரி இல்லை" என்கிறார்கள்

டிரெய்லரைத் திறங்கள். படத்தின் மிகப் பெரிய ஸ்டன்ட்டும் பேயின் முகமும் அதில் இருந்தால் படத்தில் புதிதாக என்ன மிச்சம்? வெளிவராத டிரெய்லர் என்றால் வெட்டுங்கள். வந்துவிட்டது என்றால் படத்தில் அந்த ஷாட்டுக்கு வேறு கோணம், அல்லது அது வரும் இடத்தை முன்னால் தள்ளுவது.

டிரெய்லர் சுத்தம் என்றால் இன்டர்வெல்லைப் பாருங்கள். இடைவேளைச் சண்டை கிளைமாக்ஸைவிடப் பெரிது என்றால் இரண்டாம் பாதி எப்படி இருந்தாலும் இறக்கம்தான். கிளைமாக்ஸைப் பெரிதாக்கப் பணம் தேடுவதற்கு முன் இடைவேளையைச் சின்னதாக்கிப் பாருங்கள்.

இவை எல்லாம் சான்றிதழுக்கு முன் நடக்க வேண்டியவை. சான்றிதழ் வாங்கிய பிறகு சேர்த்தாலும் குறைத்தாலும் தணிக்கை வாரியத்திடம் மறுபடி போக வேண்டும்.

பேட்ச் ஷூட் தவிர வழியில்லை என்றால்

சீன் நம்பர் கொடுக்காதீர்கள். தேவைப்படும் ஷாட்டை ஷாட்டாக எழுதுங்கள்: லென்ஸ், ஃபிரேம் அளவு, எந்தப் பக்கம் பார்வை, எத்தனை நொடி, எந்த இரண்டு ஷாட்டுக்கு நடுவே. பழைய ஷாட்டின் ஸ்டில்லை மானிட்டரில் வைத்து ஒளியையும் சட்டை அழுக்கையும் பொருத்துங்கள். நடிகரின் தாடி வளர்ந்திருக்கும். முதுகு, கை, நிழலை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ரோப், நெருப்பு, கண்ணாடி, வண்டி, உயரம் இதில் எது இருந்தாலும் ஸ்டன்ட் மாஸ்டரும் அவர் ஆட்களும் இல்லாமல் கேமரா ஓடக் கூடாது. கிரேன், லைட் டவர் வேலைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள்.

புது ஷாட்டுகள் ஏறியதும் முதல் மூன்று சோதனைகளையும் மறுபடி ஓட்டிவிட்டு எடிட்டை லாக் செய்யுங்கள், அதாவது இனி மாற்றமில்லை என்று முடித்துவிடுங்கள். லாக்குக்குப் பிறகு ஒரு ஃபிரேம் நகர்ந்தாலும் சவுண்ட், ஆர்ஆர், சிஜி மூன்றும் தள்ளிப் போகும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ரீலின் முதல் ஃபிரேமுக்கு 48 ஃபிரேம் முன்னால் ஒரே ஒரு ஃபிரேம் 1000 ஹெர்ட்ஸ் 'பீப்' வைத்துக் கொடுங்கள். மிக்ஸிங்கில் அந்த பீப் படத்தோடு சேர்ந்து விழவில்லை என்றால் மேலே எதையும் கேட்காமல் ரீலைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுங்கள்.